ஏற்றத்தில் ஒரு கை

ஏற்றத்தில் பிறீவீல் சத்தம் கேட்கக் கூடாது. சைக்கிள் தெரிந்த எவரைக் கேட்டாலும் சொல்லுவார். பெடலை உழக்குவதை நிறுத்தி, கால்களை ஆறவிட்டு, சைக்கிளைத் தன்பாட்டில் உருள விடும்போதுதான் பின்சில்லுக்குள்ளிருந்து அந்த டிக் டிக் டிக் கிளம்பும். அது இறக்கத்துக்குரிய சத்தம். ஏற்றத்தில் உழக்காமல் இருந்து பாருங்கள், இரண்டு நொடியில் சைக்கிள் நின்றுவிடும், மூன்றாவது நொடியில் நீங்கள் ரோட்டில் கிடப்பீர்கள்.

சிவதர்சனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. புளியந்தீவில் பதினாறு வருடமாகச் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருப்பவன். கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்டே எந்தச் சைக்கிளுக்கு என்ன வருத்தம் என்று சொல்லிவிடுவான். அப்படிப்பட்டவனுக்குப் பின்னால், ஆடி மாதத்து வெயில் மண்டையைப் பிளக்கிற பதினொன்றே முக்கால் மணிக்கு, ஆள் அரவமற்ற மலை ரோட்டில், அவன் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறிய அதே ஏற்றத்தில், ஒரு சைக்கிள் உழக்காமல் உருண்டு வந்துகொண்டிருந்தது. எண்ணெய் காணாத பழைய பிறீவீல். அவசரமே இல்லாத சத்தம்.

முதலில் அவனுக்கு வந்தது பயம் அல்ல, சந்தோஷம். ஐயோ, ஆரோ வருகிறார்கள்!

"அண்ணே!" என்று திரும்பாமலே கத்தினான். "அண்ணே, ஒருக்கா நில்லுங்க! கீழ ஆள் விழுந்து கிடக்கு!"

சத்தம் நின்றது. காலை ஊன்றித் திரும்பிப் பார்த்தான். வளைவு வரைக்கும் இருநூறு மீற்றர் ரோடு வெறுமையாகக் கிடந்தது. தார் உருகி மினுங்கியது. இரண்டு பக்கமும் காய்ந்த முதிரை மரங்கள், சருகு, பாறை. ஒரு தும்பி ரோட்டின் நடுவில் நின்று ஆடிவிட்டுப் போனது. வேறொன்றும் இல்லை.

வெயில் மூளையைக் குழப்புகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மறுபடி ஏறி உட்கார்ந்தான். குழம்புவதற்கெல்லாம் அவனுக்கு நேரம் இல்லை. கீழே மதகடியில் அஜந்தா கிடந்தாள்.

மட்டக்களப்பில் மலையா என்று சிரிப்பவர்கள் வாவியையும் வயல் வட்டையையும் மட்டும் கண்டவர்கள். செங்கலடிச் சந்தியில் பதுளை வீதியில் திரும்பி, கரடியனாறு தாண்டிப் போய்ப் பாருங்கள். தரை மெல்ல மெல்ல முதுகை நிமிர்த்தத் தொடங்கும். வயலுக்கு நடுவே யானை படுத்திருப்பதுபோல் பாறைகள் வரும், பிறகு அந்தப் பாறைகள் எழுந்து நின்று மலையாகும். சிவதர்சனுக்கு இந்த மலைகளில் பைத்தியம். எந்த ரோடு எங்கே ஏறி எங்கே இறங்குகிறது, எங்கே தண்ணீர் கிடைக்கும், எங்கே யானை கடக்கும் என்று சைக்கிளில் ஓடிப் பார்த்து, போன் வரைபடத்தில் கோடு போட்டு, சைக்கிள்காரர்களுக்கு அனுப்புவான். கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வருகிறவர்கள் அவனுடைய கோட்டைப் பிடித்துத்தான் ஓடுவார்கள். இன்றைக்குப் போட வந்தது புதுக் கோடு. பதுளை வீதியிலிருந்து பிரிகிற ஒரு கிளை ரோடு, அடுத்தடுத்து மூன்று மேடு, ஒரு குடி குடியிருப்பு இல்லை.

அஜந்தா அவன் மனைவி. வந்தாறுமூலைக் கம்பசில் நூலகத்தில் வேலை. காலையில் செங்கலடியில் வடை தின்று பிளேன்ரீ குடிக்கும்போது, "உங்கட மலையையும் பாப்பமே. நான் இறங்கித் தள்ளினா கடையில ஒருத்தருக்கும் சொல்லப்படாது, சொல்லித்தன்" என்று சிரித்தவள். முதல் மேட்டில் அவள் இறங்கித் தள்ளவில்லை. வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு, அவனைத் திட்டிக்கொண்டு, ஏறியே விட்டாள். மேலே போனதும், "போதும், திரும்புவம்" என்றாள். அவன்தான், "இன்னும் ஒரு மேடு, புள்ள" என்றான்.

முதல் மேட்டின் மறுபக்க இறக்கத்தில் அவள் பிறேக்கை விடாமல் பிடித்தபடி வந்தாள். அதையும் அவன்தான் கெடுத்தான். முன்னால் போய்க்கொண்டே, "பிறேக்க விடு! விட்டு வா, பயப்படாத!" என்று கத்தினான். அவள் விட்டாள். அவன் சொன்னதால் விட்டாள். கீழே மதகடியில் ரோட்டை மூடி மணல் கிடந்தது.

அவன் ஓடிப்போனபோது அவள் மதகின் சீமெந்துக் கட்டில் முகம் அடித்துக் கிடந்தாள். தாடை இடம் பெயர்ந்து ஒரு பக்கமாகத் தொங்கியது. ஹாண்டிலின் முனை தொடைக்குள் குத்தி இறங்கிப் பிறகு கழன்று வந்திருந்தது. கூத்தைப் பாருங்கள், சைக்கிளுக்கு ஒரு கீறல் கூட இல்லை. மேலதிகமாகக் கொண்டுவந்த ரியூப்பை எடுத்துத் தொடைக்கு மேலே இறுக்கிக் கட்டினான். வெயிலுக்கு அவள் கழுத்தில் சுற்றியிருந்த துணியை எடுத்து, தாடையை மேலே தூக்கி, உச்சந்தலையில் இரட்டை முடிச்சுப் போட்டான். கட்டும்போது அவள் அலறினாள். மூடிய வாய்க்குள்ளேயே அலறினாள். அந்தச் சத்தத்தை அவன் செத்தாலும் மறக்கமாட்டான்.

தூக்கிப் பார்த்தான், முடியவில்லை. போனில் சிக்னல் இல்லை. முதல் மேட்டின் உச்சியில் போன் இரண்டு முறை கிணுகிணுத்தது அவனுக்கு ஞாபகம் இருந்தது. அங்கே போக வேண்டும். இங்கிருந்து உச்சிக்கு மூன்று கிலோமீற்றர், எல்லாம் ஏற்றம். இருந்த தண்ணீர் முழுவதையும் அவள் பக்கத்தில் வைத்தான். அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். விரல் விரலாகக் கழற்ற வேண்டி இருந்தது.

"அரை மணித்தியாலம். போயித்து வாறன். கண்ண மூடாத, சரியா?"

அவள் கண்ணால்தான் பதில் சொன்னாள். போகாதே என்று சொன்ன கண் அது. அவன் தெரிந்துகொண்டுதான் போனான்.

இப்போது முதல் கிலோமீற்றர் முடிந்திருந்தது. ஆகச் சிறிய கியரில் போட்டும் சைக்கிள் நகர மறுத்தது. நாக்கு தடித்து வாய்க்குள் கருவாடாய்க் கிடந்தது, வியர்வை புருவத்தைத் தாண்டிக் கண்ணுக்குள் இறங்கி எரித்தது, தலைக்கவசத்துக்குள் இரத்தம் குதிக்கிற சத்தம் காதில் கேட்டது, அந்தச் சத்தத்துக்கும் வெளியே காடு முழுவதும் சில்வண்டுகள் ஒரே மூச்சாகக் கத்திக்கொண்டிருந்தன. பின்னால் மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசிச் சருகுகளை ரோட்டில் உருட்டியது. எங்கிருந்தோ யானை இலத்தியின் புளித்த மணம் வந்தது. அஜந்தா, அஜந்தா என்று ஒவ்வொரு உழக்குக்கும் ஒரு தடவை உள்ளுக்குள் சொல்லிக்கொண்டான்.

இரண்டாவது வளைவில் அது மறுபடி கேட்டது.

டிக், டிக், டிக்.

இந்தமுறை கிட்டத்தில். ஒரு சைக்கிள் நீளம் இடைவெளி இருக்கலாம். தன் சைக்கிளாக இருக்குமோ என்று காதைத் தீட்டிக் கேட்டான். அவன் உழக்கிக்கொண்டிருந்தான், அவன் பிறீவீல் வாயே திறக்கவில்லை. பின்னால் வருவதோ அவனுடைய வேகத்துக்கு அளந்து வந்தது. அவன் மெதுவானால் அதுவும் மெதுவானது. மணம் ஒன்றும் வந்தது, இப்போதுதான் வெட்டிய பச்சை விறகின் பால் மணம், அதோடு மனித வியர்வையின் நெடி.

திரும்பிப் பார்த்தால் சைக்கிள் நின்றுவிடும், நின்றால் இந்த ஏற்றத்தில் மறுபடி ஏறி உழக்க அவன் காலில் வலு இல்லை. அதனால் திரும்பவில்லை என்று வைத்துக்கொள்வோம். உண்மையான காரணம் அவனுக்கே தெரியும். பார்த்தால் அங்கே யாரும் இல்லாமல் இருக்கும். அதை இன்னொரு தரம் பார்க்க அவனுக்குத் துணிவு இல்லை.

மூன்றாவது வளைவில்தான் ரோடு சுவர்போல் நிமிர்ந்தது. காலையில் இந்தப் பக்கம் இறங்கும்போது அவனே விசிலடித்த இடம். அங்கே அவன் கெண்டைக்கால் சுருண்டு பிடித்துக்கொண்டது. "அம்மா!" என்று வாய்விட்டுக் கத்தினான். சைக்கிள் ஒருதரம் துள்ளி, ஆடி, நிற்கப் போனது. இங்கே விழுந்தால் முடிந்தது, நடந்துபோக இந்தக் கால் உதவாது, அவளும் முடிந்தாள். அவனுக்கு அழுகை வந்தது. முப்பத்தெட்டு வயது ஆம்பிளை, நடு ரோட்டில், தேம்பித் தேம்பி அழுதான்.

அப்போது முதுகில் காற்று தள்ளியது.

கச்சான்தான் என்று நினைத்தான். நல்ல காலம், கச்சான் வீசுகிறது! சைக்கிள் தானாக நகர்ந்தது. கால் பெடலைப் பாரமில்லாமல் சும்மா சுற்றியது. அரை நிமிடம் அப்படியே ஏறிய பிறகுதான் ரோட்டோரத்தைப் பார்த்தான். புற்கள் அசையவில்லை. சருகுகள் கிடந்தது கிடந்தபடி கிடந்தன. சில்வண்டுகள் எப்போது வாயை மூடின என்று அவனுக்குத் தெரியவில்லை.

இடுப்புக்குச் சற்று மேலே, முள்ளந்தண்டின் மேல், ஒரு உள்ளங்கை பதிந்திருந்தது.

அகலமான கை. காய்த்துப்போன கை. சட்டைத் துணிக்கு மேலாகவே அதன் சொரசொரப்பு தெரிந்தது. சூடும் இல்லை, குளிரும் இல்லை, மரப்பலகை மாதிரி. ஆனால் பலகைக்கு விரல் இருக்காது. இதற்கு இருந்தது.

அவன் மூச்சு நின்றது. சைக்கிள் நிற்கவில்லை.

அந்தத் தள்ளு அவனுக்குப் புதிது அல்ல என்பதுதான் இதில் கொடுமை. சைக்கிள்காரர்கள் ஏற்றத்தில் களைத்தவனின் முதுகில் கை வைத்துத் தள்ளிவிடுவார்கள், அவனே எத்தனையோ பேரைத் தள்ளியிருக்கிறான். அதைவிடப் பழைய வழக்கம் இந்தப் பதுளை வீதி விறகுக்காரருடையது. கடைக்கு டயர் மாற்ற வருகிற இராசதுரை அண்ணன் சொல்லியிருக்கிறார். ஆள் உயரத்துக்கு விறகு ஏற்றிய சைக்கிளை ஏற்றத்தில் ஒருவர் தள்ள முடியாது. முன்னால் ஹாண்டிலைப் பிடிப்பவருக்குப் பின்னால் வருகிற ஆளைத் தெரியாது, விறகு மறைக்கும். ரோட்டில் போகிற எவரோ வந்து பின்னால் ஒரு கை வைப்பார். பேச மாட்டார். "ஆரெண்டு கேக்கிறேல்ல, தம்பி. மேல போனதும் போதும் எண்டு சொல்ல வேணும், அவ்வளவுதான். போதும் எண்டு முன்னுக்கு நிக்கிறவன் வாயால சொல்லாம பின்னுக்கு நிக்கிறவன் கை எடுக்கவே மாட்டான். எடுத்தா பாரம் உருண்டு ஆளை அமத்திப்போடும்." இப்படிச் சொல்லிவிட்டு இராசதுரை அண்ணன் வெற்றிலையைத் துப்பியது வரைக்கும் அவனுக்கு நினைவு வந்தது.

"சரி," என்றான் சிவதர்சன். அவனுடைய குரல் அவனுக்கே கேட்கவில்லை. "சரி. விட்டிராதீங்க. என்ட பொஞ்சாதி சாகக் கிடக்கிறா. மேல மட்டும் கொண்டுபோய் விடுங்க."

கை விரல்களைக் கொஞ்சம் விரித்தது.

விரித்துக்கொண்டே போனது. பெருவிரல் இடது விலாவைத் தாண்டியது. சுண்டுவிரல் வலது விலாவைத் தாண்டி வயிற்றின் பக்கம் வந்தது. எந்த மனிதனுக்கு இவ்வளவு பெரிய கை? அவன் குனிந்து பார்க்கவில்லை. ஹாண்டிலை நேராகப் பிடித்தான். முன்சில்லை மட்டும் பார்த்தான். சில்லு சுற்றியது. ரோடு ஓடியது. வேகம் கூடியது. ஏற்றத்தில் எவனும் போகாத வேகம். காதுக்குள் காற்று இரைந்தது. பின்னால் டிக் டிக் டிக். பச்சை விறகு மணம். நாலாவது வளைவு. ஐந்தாவது. ஒரு மூச்சுச் சத்தம்கூட இல்லை. இவ்வளவு பாரத்தைத் தள்ளுகிறவனுக்கு மூச்சு இரைக்காதா?

உச்சி தெரிந்தது. இரண்டு பாறைக்கு நடுவே வானம்.

"போதும்!" என்று கத்தினான். "போதும், போதும்!"

கை எடுபட்டது. அவ்வளவு எளிதாக. ஒரு சொல்லுக்கு. சைக்கிள் நின்றது, அவன் இறங்கினான், கால் மடங்கித் தார் ரோட்டில் உட்கார்ந்தான். திரும்பிப் பார்த்தான். யாருமில்லை.

போன் கிணுகிணுத்தது. ஒரு கோடு சிக்னல். இரண்டு தரம் தப்பாக அழுத்தி, மூன்றாம் தரம் ஆம்புலன்ஸ் கிடைத்தது. பேசியவள் நிதானமான பெண். இடத்தைக் கேட்டாள், காயத்தைக் கேட்டாள், வயதைக் கேட்டாள்.

"அந்தக் கிளை ரோடு எங்கட ஆக்களுக்குத் தெரியாது அண்ணா. நீங்க சிக்னல் இருக்கிற இடத்திலயே நில்லுங்க, டிரைவர் உங்களுக்கு எடுப்பார். முப்பத்தஞ்சு, நாப்பது நிமிசம் ஆகும்."

"நாப்பதா? தங்கச்சி, இரத்தம் ஓடுது!"

"வாறாங்க அண்ணா. அவங்கள அசைக்க மட்டும் வேணாம். அசைக்காம வச்சிருந்தாப் போதும், தாங்குவாங்க. நீங்க அங்கயே நில்லுங்க."

போன் வைக்கப்பட்டது. அவன் பாறையின் விளிம்புக்கு நொண்டி நொண்டிப் போய்க் கீழே பார்த்தான். ரோடுதான் வளைந்து வளைந்து மூன்று கிலோமீற்றர். நேரே பார்த்தால் செங்குத்துப் பாறைக்குக் கீழே மதகு கையெட்டும் தூரம் போலத் தெரிந்தது. மருத மர நிழலில் நீலப் புள்ளி ஒன்று. அவளுடைய சட்டை. மரக்கிளையில் காகங்கள் வந்து உட்கார்ந்திருந்தன. இரண்டு இல்லை, மூன்று. ஒன்று இறங்கி ரோட்டில் நடந்தது.

"சூ!" என்று கத்தினான். "சூ! போ! அஜந்தா! அஜந்தா, காகத்தத் துரத்து!"

புள்ளி அசையவில்லை.

நாற்பது நிமிடம். இறங்கிப் போனால் ஆம்புலன்ஸ் வழி தவறும். போகாவிட்டால் அவள் தனியே கிடப்பாள். அவன் தலையில் அடித்துக்கொண்டான். அவன் சொல்லித்தான் அவள் பிறேக்கை விட்டாள். அவன் சொல்லித்தான் இரண்டாவது மேடு. ஆண்டவனே, என்று வானத்தைப் பார்த்தான். வானம் வெள்ளையாக இருந்தது. பிறகு ரோட்டைப் பார்த்தான். ரோட்டில் யாருமில்லை, ஆனால் விறகு மணம் போகவில்லை. போதும் என்று சொன்னவுடன் கையை எடுத்தது இன்னும் போகாமல் நிற்கிறது என்று அவனுக்குப் புரிந்தது. சொன்ன சொல் கேட்டதே! நேர்மையான கைதானே!

இங்கேதான் அவன் பிழைவிட்டான். பாவம், அந்த நேரத்தில் யார்தான் விடாமல் இருப்பார்கள்?

"இஞ்ச பாருங்க," என்று வெறும் ரோட்டுக்குக் கைகூப்பினான். "நீங்க ஆரெண்டாலும் எனக்குப் பரவாயில்ல. என்னை ஏத்தி விட்டீங்க. கீழ என்ட பொஞ்சாதி கிடக்கிறா. சைக்கிள் பக்கத்திலதான் கிடக்கு. அவவுக்கும் ஒரு கை குடுங்க. அவவையும் மேல கொண்டுவாங்க."

கூப்பிய கையை இறக்காமல் நின்றான்.

டிக்.

டிக், டிக், டிக். அவன் பக்கத்தால், தொடுகிற தூரத்தில், அது கடந்தது. வளைவில் இறங்கியது. தேய்ந்தது. விறகு மணமும் அதனோடு போனது. சில்வண்டுகள் மறுபடி கத்தத் தொடங்கின.

போன் அடித்தது. ஆம்புலன்ஸ் டிரைவர். "தம்பி, செங்கலடி தாண்டித்தம். றோட்டு நல்லாக் கிடக்கு. கெதியா வந்திருவம்." அவன் ஓம் ஓம் என்றான். வழி சொன்னான். கண் நீலப் புள்ளியை விடவில்லை.

புள்ளி நிமிர்ந்தது.

அவன் போனைக் காதிலிருந்து எடுத்தான். நீலப் புள்ளி நிழலை விட்டு வெயிலுக்கு வந்தது. சைக்கிளில் இருந்தது. காகங்கள் கலைந்து பறந்தன. அது முதல் வளைவுக்குள் மறைந்து, அடுத்த வளைவில் வெளியே வந்தது. அவனுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "வாறாள்! வாறாள்டா!" என்று தன் தொடையிலேயே தட்டினான். ஆம்புலன்ஸ் வரும்போது அவள் இங்கே மேலேயே இருப்பாள். உடனே ஏற்றலாம். கொண்டுவந்து விட்டதும் அவள் போதும் என்று ஒரு சொல்லுச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு சொல்.

அவன் கை தன் தாடைக்குப் போனது.

தாடை. துணி. உச்சந்தலையில் இரட்டை முடிச்சு. அவன் போட்ட முடிச்சு.

"ஐயோ," என்றான். "ஐயோ, வேணாம். வேணாம், அவவ விடுங்க! நான் சொல்லுறன், போதும்! போதும்!"

நாலாவது வளைவு. இப்போது முகம் தெரிந்தது. கட்டுப் போட்ட முகம். தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. ஹாண்டிலை அவள் பிடிக்கவில்லை, இரண்டு கையும் கீழே தொங்கின. கால்கள் பெடலில் இல்லை. குத்துப்பட்ட கால் சில்லோடு உரசி உரசி ஆடியது. தொடையில் கட்டிய ரியூப் அவிழ்ந்து பின்னால் இழுபட்டது. அதன் பின்னால் ரோட்டில் ஒரு ஈரக் கோடு. சைக்கிள் மட்டும் நேராக, ஆடாமல், அசையாமல், வேகமாக ஏறி வந்தது.

ஐந்தாவது வளைவு.

கண் திறந்திருந்தது. உயிரோடிருந்தாள். அவனைப் பார்த்தாள்.

"சொல்லு! போதும் எண்டு சொல்லு புள்ள!"

ம்ம்ம், என்றாள். ம்ம்ம். ம்ம்ம். துணிக்குள்ளிருந்து. மூச்சு முட்ட முட்ட.

அவன் ரோட்டின் குறுக்கே பாய்ந்தான். சைக்கிள் விலகவும் இல்லை, வேகம் குறையவும் இல்லை. இடித்துத் தள்ளியது. அவன் சைக்கிளின் சீற்றைப் பிடித்தான். தூக்கி இழுத்தது. முழங்கால் தாரில் கிழிந்தது. விடவில்லை. ஒரு கையை மேலே நீட்டித் தலையில் இருந்த முடிச்சைத் தேடினான். விரல் பட்டது. இரத்தம் காய்ந்து கல்லாக இருந்தது. நகத்தால் கிழித்தான். அசையவில்லை. கண்ணுக்கு முன்னால் அவளுடைய முதுகு. நீலத் துணி உள்ளே அமுங்கியிருந்தது, இடுப்பிலிருந்து பிடரி வரைக்கும், விரல் விரலாக. ஐந்து பள்ளம். பள்ளத்துக்குள் ஒன்றும் இல்லை.

"போதும்! போதும்! போதும்!"

அது அவன் சொல்வதைக் கேட்கவில்லை. சொல்ல வேண்டியது அவன் அல்ல, அவள்.

விரல் வழுக்கியது. அவன் ரோட்டில் உருண்டு தலை நிமிர்த்தியபோது அவள் உச்சியைக் கடந்திருந்தாள். ரோடு அங்கே வலதுபக்கம் திரும்பிக் கீழே பதுளை வீதிக்கு இறங்குகிறது. சைக்கிள் திரும்பவில்லை. நேரே, ரோட்டை விட்டு, எதிரே நின்ற மொட்டைப் பாறையில் ஏறியது. ஆடு ஏறாத பாறை. நீலப் புள்ளி அதில் நேர்கோடாக ஏறியது. சிறுத்துக்கொண்டே ஏறியது.

கீழே வெகுதூரத்தில் ஆம்புலன்சின் ஊளைச் சத்தம் கேட்டது. சொன்ன நேரத்துக்கும் முந்தி வந்துகொண்டிருந்தார்கள்.

பாறை முடிந்தது. அதற்கு மேல் வெறும் வெள்ளை வானம். நீலப் புள்ளி அங்கேயும் நிற்கவில்லை. அதே சாய்வில், அதே வேகத்தில், ஏறிக்கொண்டே போனது. ம்ம்ம் என்ற சத்தம் மட்டும் கொஞ்சமும் தூரமாகாமல் அவன் காதருகே கேட்டுக்கொண்டிருந்தது.